கெட்ட சேதி முதலில் உங்கள் காதுக்கு வரட்டும்: தொழிலில் புதிதாகப் பொறுப்பேற்கிறவர்களுக்கு

அப்பா நடத்திய கம்பெனியில் போன மாதம்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அல்லது பத்து வருஷம் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டிவிட்டு இப்போது லைன் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறீர்கள். அல்லது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபது பேரை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டார்கள். யாராக இருந்தாலும் சரி, இந்நேரம் ஒன்று புரிந்திருக்கும்: திங்கட்கிழமை போட்ட திட்டம் வியாழக்கிழமை வரை தாங்குவதில்லை. நூல் விலை ஏறுகிறது, பையர் தேதியை மாற்றுகிறார், ஒடிசாப் பையன்கள் எட்டுப் பேர் சொல்லாமல் ரயில் ஏறிவிடுகிறார்கள், வாஷிங்டனில் யாரோ ஒரு கையெழுத்துப் போட்டால் இங்கே பெருமாநல்லூர் ரோட்டில் மிஷின் நிற்கிறது.

திருப்பூரில் எழுபது பேர் வேலை பார்க்கிற ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்துப் பேசுகிற பழக்கம் உண்டு, அங்கே சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரப்போவதைக் கண்டுபிடிக்கிற வித்தை எதுவும் இதில் இல்லை, அது வேண்டுமென்றால் ஜோசியரிடம் போங்கள். நான் பார்த்தவரை, அடி வாங்கியும் எழுந்து நின்ற கம்பெனிகளில் கெட்ட சேதி மூன்று நாள் முன்னாலேயே மேலே வந்து சேர்ந்திருக்கும். மூடிய கம்பெனிகளிலும் அந்தச் சேதி யாரோ ஒருவருக்குத் தெரிந்துதான் இருந்தது, மேலே வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில், எந்த மாதிரிக் குழப்பம் என்று பிரியுங்கள்

மேனேஜ்மென்ட் வகுப்புகளில் 'வூக்கா' என்றொரு சொல் அடிபடும். 1980-களின் கடைசியில் அமெரிக்க ராணுவத்தின் போர்க் கல்லூரியில் புழக்கத்துக்கு வந்தது, நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்து. நம்ம பாஷையில் சொன்னால் ஏற்ற இறக்கம், நிச்சயமின்மை, பின்னல், தெளிவின்மை. பெயரை மறந்தாலும் நஷ்டமில்லை, ஆனால் நான்கையும் ஒரே மூட்டையில் கட்டி "மார்க்கெட் சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டால் மருந்து கிடைக்காது.

நாமக்கல் முட்டை விலை ஏற்ற இறக்கம். ஏறும், இறங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், எப்போது எவ்வளவு என்பதுதான் தெரியாது. இதற்குக் கையிருப்புதான் மருந்து: கொஞ்சம் பணம், கொஞ்சம் சரக்கு. நூல் விலையும் இதே ரகம்தான். 2022 மே மாதம் அதற்காகத் திருப்பூரே இரண்டு நாள் கதவடைத்தது.

2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்கின் மேல் 50 சதவீதம் வரி என்று கொண்டுவந்ததே, அது நிச்சயமின்மை. இருக்குமா, குறையுமா, எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாத நிலை. அங்கே சரக்கு சேர்த்து வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பையரிடம் வாரம் ஒருமுறை பேசி, அவர் மற்ற நாட்டில் யாரிடம் விலை கேட்கிறார் என்று தெரிந்துகொள்வதுதான் அங்கே வேலை.

பின்னல் என்பதற்கு 2011-ஐ மறக்க முடியாது. ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யல் தண்ணீர், கீழே ஒரத்துப்பாளையம் அணை, அதற்கும் கீழே விவசாயிகளின் காடு, இந்தப் பக்கம் டையிங், நிட்டிங், கட்டிங், பேக்கிங் என்று ஒன்றுக்கொன்று முடிச்சு. சாயத்தைக் கையால் தொடாத கம்பெனிகளும் சேர்ந்து நின்றன. இந்த மாதிரி இடத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்து ஒன்றும் ஆகாது, விஷயம் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டும். கழிவுநீரே வெளியேறாத முறைக்கு மாறியவர்கள்தான் பிறகு மறுபடி ஓட்ட முடிந்தது, அந்த மாற்றம் தனி ஒரு முதலாளியால் நடந்ததில்லை.

நான்காவது, தெளிவின்மை. பனியன் தைக்கிறவர் செயற்கை நூலில் விளையாட்டு உடுப்புக்குப் போகலாமா என்கிற மாதிரிக் கேள்விகள். முன்னால் செய்து பார்த்த அனுபவமே இல்லை. சின்னதாக 300 பீஸ் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பணத்துக்கு ஒரு 13 வாரத் தாள்

தலைமைப் பண்பு பற்றிப் பேசும்போது பணத்தைப் பேசுவது சிலருக்கு ரசக்குறைவாகப் படும். சனிக்கிழமை சம்பளம் போட முடியாதவர் பேச்சை ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்பதில்லை, அதனால் இது இங்கேயே வருகிறது.

ஒரு பெரிய தாளில் 13 வாரக் கட்டம் போடுங்கள், அதாவது மூன்று மாதம். ஒவ்வொரு வாரமும் எவ்வளவு உறுதியாக வரும், எவ்வளவு உறுதியாகப் போகும். "வந்துரும்னு நினைக்கிறேன்" ரகப் பணத்தைப் பென்சிலில் எழுதுங்கள். பிறகு பென்சில் தொகையை எல்லாம் அழித்துவிட்டு, எந்த வாரத்தில் கை காலியாகிறது என்று பாருங்கள். அந்த வாரம்தான் உங்கள் நிஜமான நிலவரம். நான்காவது வாரமா, பதினோராவது வாரமா என்பதைப் பொறுத்து உங்கள் முடிவுகள் எல்லாமே மாறும்.

கூடவே இரண்டு விஷயம். ஜாப் ஒர்க் (அடுத்த கம்பெனிக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பது) அல்லது உற்பத்தி செய்கிற குறு, சிறு நிறுவனமாக இருந்தால் மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துவிடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் வருஷச் சட்டம். அப்படித் தராத தொகையை, உங்களிடம் வாங்கியவர் பணம் கட்டுகிறவரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-24 நிதியாண்டிலிருந்து சேர்த்திருக்கிறார்கள், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரடி ஏற்றுமதி என்றால், பையர் பணம் தராவிட்டால் ஈடு கொடுக்கிற மத்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீட்டை மறக்காதீர்கள். பையர் திவாலானால் அழுகையோடு கொஞ்சம் பணமாவது மிஞ்சும்.

திரும்ப எடுக்க முடிகிற முடிவா, போர் போடுகிற முடிவா?

நம்ம பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரம் அடி இறக்கிவிட்டுப் புகை மட்டும் வந்தால், குழியைத் தூக்கிப் பக்கத்துக் காட்டில் வைக்க முடியாது. அதனால்தான் போர் போடுகிறதுக்கு முன்னால் நாலு பேரைக் கேட்கிறோம், தேங்காய் வைத்துப் பார்க்கிறோம், தூங்காமல் யோசிக்கிறோம். அதே ஆள், தோட்டத்தில் நாலு பாத்திக்கு வேறு ரகக் கத்தரி போடுவதற்கு யாரையும் கேட்பதில்லை. ஜெஃப் பெசோஸ் 2015-ஆம் வருஷத்துக்கான அமேசான் பங்குதாரர் கடிதத்தில் ஒருவழிக் கதவு, இருவழிக் கதவு என்று எழுதியது இதைத்தான்.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு, இரண்டையும் தலைகீழாக மாற்றிவிடுவது. டீ இடைவேளையைப் பத்து நிமிஷம் தள்ளுவதற்கு மூன்று மீட்டிங் போடுவார்கள், பேங்க் லோனில் இருபது மிஷின் வாங்குகிற முடிவை ஒரு கண்காட்சியில் நின்றபடியே எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் நோட்டில் 'போர்' அல்லது 'பாத்தி' என்று ஒரு சொல் எழுதுங்கள். பாத்தி என்றால் அன்றைக்கே முடித்துவிடுங்கள், முடிந்தால் சூப்பர்வைசரையே முடிவெடுக்கச் சொல்லுங்கள். போர் என்றால் ஒரு ராத்திரி தள்ளிப்போடுங்கள், அதைப் பாத்தியாக உடைக்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள். இருபது மிஷின் வாங்குவதற்குப் பதிலாக ஆறு மாதம் வெளியில் ஜாப் ஒர்க் கொடுக்கலாம், பீஸுக்கு இரண்டு ரூபாய் கூடத்தான் ஆகும், ஆனால் ஆர்டர் நின்றால் நீங்களும் நின்றுகொள்ளலாம். இந்த ஊரின் ஜாப் ஒர்க் முறையே ஒரு விதத்தில் இதற்காக வளர்ந்ததுதான் என்று எனக்குத் தோன்றும்.

கெட்ட சேதி மேலே வருகிற பாதை

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒருமுறை கருநீல டீ-சர்ட் ஆர்டர். துணி இரண்டு லாட்டாக, அதாவது தனித்தனியாகச் சாயம் போட்ட இரண்டு தொகுதியாக வந்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ரோலைப் பிரித்ததுமே இரண்டு லாட்டுக்கும் ஷேட் சேரவில்லை என்று பார்த்துவிட்டார். டியூப் லைட்டில் ஒன்றாகத்தான் தெரியும், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தால் ஒன்றில் கொஞ்சம் செம்மை அடிக்கும். பார்த்தவர் என்னிடம் சொல்லவில்லை, வெட்டிவிட்டார். தைக்கும்போது பவர் டேபிள் தையல் மிஷினில் இருந்த ஒரு அக்கா "கை ஒரு கலரு, ஒடம்பு ஒரு கலரா இருக்குதுங்க" என்று லைன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன், "மேல சொன்னா நமக்குத்தான் திட்டு உழுகும், ஓட்டுங்க்கா" என்றிருக்கிறான். மூன்றாம் நாள் செக்கிங்கில் எனக்குத் தெரிந்தபோது 1,800 பீஸ் தைத்து முடிந்திருந்தது.

சாயப்பட்டறைக்காரரைத் திட்டினேன், மாஸ்டரைத் திட்டினேன். சாயந்திரம் எல்லாரும் போன பிறகு அவர் வந்து சொன்னார்: "தம்பி, போன வாரம் துணி ஜி.எஸ்.எம். (கனம்) கம்மியா இருக்குதுன்னு கட்டிங்கை நிறுத்துனதுக்கு அத்தன பேரு முன்னால கத்துனீங்க. இதையும் நிறுத்துனா மறுக்காவும் கத்துவீங்கன்னுதானுங்க விட்டுட்டேன்."

அந்த 1,800 பீஸை நான்தான் வெட்டியிருக்கிறேன். கத்திரி அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படுகிற குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தப்புச் செய்யவில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். 1999-இல் வந்த அவருடைய ஆய்வுக் கட்டுரை 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தைப் பெரிதாகப் பரப்பியது. டொயோட்டாவில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், சரியாகாவிட்டால் லைனே நிற்கும்.

எங்கள் கம்பெனியில் அதற்குப் பிறகு செய்தவை சின்னச் சின்ன வேலைகள்தான். எட்டரைக்கு நின்றபடியே ஏழு நிமிஷம் பேச்சு, கேள்வி ஒன்றே ஒன்று: "இன்னைக்கு எது சறுக்கும்?" முதல் இரண்டு வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை, எல்லாரும் "ஒண்ணுமில்லீங்க" என்றார்கள். மூன்றாவது வாரம் நானே என் தப்பு ஒன்றைச் சொன்னேன், பட்டன் ஆர்டர் போட மறந்திருந்தேன். அன்றைக்குத்தான் ஒரு பெண், ஊசி அடிக்கடி உடைகிறது என்று ஆரம்பித்தார். மேலும் ஒரு விதி: வேலையை நிறுத்தியவரை அந்த இடத்தில் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது, "சரிங்க, காட்டுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் தேவையில்லாமல் நிறுத்தியிருந்தாலும் இதே பதில்தான். எனக்கு இன்னும் சில நாள் தொண்டை வரைக்கும் கத்தல் வருகிறது, வாசலுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.

எழவை முன்னாடியே விசாரிப்பது

கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-இல் எழுதிய உத்தி. பெரிய ஆர்டரோ புது முயற்சியோ ஆரம்பிக்கும் முன், "இது ஆறு மாதத்தில் மொத்தமாக ஊத்திக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம், ஏன் ஊத்தியது?" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதச் சொல்வது. ஊத்திக்கொள்ளுமா என்று கேட்டால் எல்லாரும் தைரியம் சொல்வார்கள். ஊத்தியாயிற்று என்று வைத்துக் கேட்டால் ஆளுக்கு நாலு காரணம் வரும்.

இதில் நம்ம ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. நான் முதல் தடவை இதைக் கேட்டது வெள்ளிக்கிழமை காலை, சாமி படத்துக்குப் பூப் போட்ட கையோடு. பெரியவர்கள் முகம் சுண்டிவிட்டது, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படியா பேசுவாங்க" என்று அம்மாவுக்குப் போன் போய்விட்டது. இப்போதெல்லாம் செவ்வாய், வெள்ளி இல்லாத நாளில், "இந்த வண்டி எங்க பஞ்சராகும்?" என்று கேட்கிறேன். பதில்கள் அதேதான். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இதோடு மூன்று கதை எழுதிப் பழகுங்கள். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் பியர் வாக் என்பவரின் குழு 1970-களின் தொடக்கத்தில் இப்படி வெவ்வேறு எதிர்காலங்களை எழுதி வைத்திருந்ததால், 1973-இல் எண்ணெய் விலை எகிறியபோது மற்ற கம்பெனிகளைவிட அவர்கள் தயாராக இருந்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். பெரிய பையர் பாதி ஆர்டரைக் குறைத்தால், டையிங் இரண்டு வாரம் நின்றால், ஆர்டர் திடீரென இரட்டிப்பானால் என்று ஆளுக்கு அரைப் பக்கம். மூன்றாவதை எல்லாரும் விட்டுவிடுவார்கள், ஆனால் ஆர்டர் அதிகமாகிச் செத்த கம்பெனிகளும் இங்கே உண்டு. ஒவ்வொரு கதைக்கும் கீழே "எதைப் பார்த்தால் இது ஆரம்பித்துவிட்டது என்று தெரியும்" என ஒரே ஒரு அறிகுறியை எழுதி வையுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது

குழப்ப நேரத்தில் முதலாளி வாய் மூடினால் டீக்கடை பேச ஆரம்பிக்கும். 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியபோது நிறையப் பேர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். போலீசும் அதிகாரிகளும் இந்தியிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரம் தங்கள் ஆட்களோடு அவர்கள் ரூமுக்கே போய் உட்கார்ந்து பேசிய சூப்பர்வைசர்களுக்கு அவ்வளவு சேதம் ஆகவில்லை, நான் கண்ணால் பார்த்தது. உங்களுக்கு இந்தி வராவிட்டால், வருகிற ஒரு ஆளை இன்றைக்கே பிடித்து வையுங்கள், பிரச்சினை வந்த பிறகு தேடாதீர்கள்.

பேசும்போது மூன்றே வாக்கியம் போதும். இது தெரியும். இது தெரியாது. அடுத்து இந்தக் கிழமை சொல்கிறேன். 2025 வரி விவகாரத்தில் நான் சொன்னது இதுதான்: "கையில இருக்கற ஆர்டருக்கு நவம்பர் வரைக்கும் வேலை இருக்குது. அதுக்கு மேல எனக்கும் தெரியலைங்க. அடுத்த புதன்கிழமை பையர்கிட்ட பேசறேன், வியாழக்கிழமை காலைல சொல்றேன்." வியாழக்கிழமை சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. இருந்தாலும் நின்று, "இன்னும் ஒண்ணும் தெரியலைங்க" என்று சொன்னேன். சொன்ன கிழமையில் வந்து நிற்பதைத்தான் அவர்கள் கவனிப்பார்கள்.

முடிந்ததும் பதினைந்து நிமிஷம்

ஒவ்வொரு ஷிப்மெண்டும் போன பிறகு நான்கு கேள்வி. என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், அடுத்த தடவை என்ன மாற்றுவோம். அமெரிக்க ராணுவம் 1970-களிலிருந்து பயிற்சிகளில் பயன்படுத்துகிற முறை. வயதில், பதவியில் சின்னவர் முதலில் பேச வேண்டும், நீங்கள் கடைசி. நீங்கள் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கூட்டம் ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிடும், அதை ஒற்றுமை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது

இரண்டு நாள் ஓட்டல் வகுப்பு, பஃபே சாப்பாடு, சர்ட்டிபிகேட், குரூப் போட்டோ. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் போயிருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து 90 நாள் விடாமல் செய்யுங்கள். காலை ஏழு நிமிஷப் பேச்சாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போனால் கேட்பதற்குச் சொந்தக் கேள்வி இருக்கும். ஜவுளிக்காரர்களுக்குக் கோயம்புத்தூரில் 1956-இலிருந்து இயங்குகிற சிட்ரா ஆராய்ச்சி நிலையம் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது, இன்ஜினியரிங் பக்கம் இருப்பவர்கள் சிறுதொழில் சங்கமான கொடிசியாவில் விசாரியுங்கள்.

உங்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பழக்குவதுதான் பெரிய வேலை. சுவரில் ஒரு சார்ட் ஒட்டுங்கள், இடது பக்கம் பெயர்கள், மேலே ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள், செக்கிங். தனியாகச் செய்வார் என்றால் முழு வட்டம், பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார் என்றால் அரை வட்டம். எந்த வேலைக்குக் கீழே ஒரே ஒரு முழு வட்டம் இருக்கிறதோ அங்கே இந்த மாதமே இன்னொருவரைப் பழக்குங்கள். சொல்லிக்கொடுக்க நான்கு படி: ஆளைத் தயார் செய்வது, செய்து காட்டுவது, அவரையே செய்ய விடுவது, பிறகு இடையிடையே போய்ப் பார்ப்பது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவாகி ஜப்பானுக்குப் போன முறை இது. நம்மவர்கள் மூன்றாவது படியில் பொறுமை இழந்து "தள்ளுங்க, நானே போடறேன்" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

பழகிவிட்டார்களா என்று பார்க்க நோம்பிதான், அதாவது ஊர்த் திருவிழாதான் நல்ல சமயம். ஊரில் மாரியம்மன் நோம்பி வரும்போது மூன்று நாள் கிளம்பிவிடுங்கள், கம்பெனியில் வேலை நடக்கிற நாளாகப் பார்த்து. போன் கையில் இருக்கட்டும், ஆனால் நீங்களாகக் கூப்பிடக் கூடாது. எத்தனை போன் வருகிறது, எதற்கு என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் பயிற்சிக்கான பாடத்திட்டம் அதில் இருக்கிறது. முதல் வருஷம் எனக்கு ஒரே நாளில் 23 போன் வந்தது, கெடாவெட்டுப் பந்தியில் பாதியில் எழுந்து போனேன். போன நோம்பிக்கு மூன்று நாளும் சேர்த்து இரண்டே போன். ஒன்று, ஜெனரேட்டர் ரூம் சாவி எங்கே என்று. இன்னொன்று கட்டிங் மாஸ்டர்: "தம்பி, ஒரு லாட்டு ஷேட் சேரலைங்க, நிறுத்திட்டேன். சும்மா சொல்லி வெக்கலாம்னு கூப்பிட்டேன், நீங்க சாப்பிடுங்க."